லிஸ்ட்ல பேர் இருக்கா? வடசென்னை வாக்காளர் பட்டியல் சேவை, ஒரு மதிப்பீடு

தேர்தல் முடிந்த மறுநாள் டீக்கடையில் கேட்கிற பல்லவி ஒன்றுதான்: "சென்னைக்காரன் ஓட்டுப் போட மாட்டான்." 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 69.72 சதவீதம் பதிவானது. வடசென்னைத் தொகுதி 60 சதவீதத்தை ஒட்டி நின்றது. தென்சென்னையும் மத்திய சென்னையும் 54-ஐத் தாண்டவே திணறின. இதைப் பார்த்ததும் சோம்பேறித்தனம், ஏசி அறை, தொடர் விடுமுறை என்று காரணங்கள் வரிசை கட்டும்.

சதவீதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருப்பது விழுந்த ஓட்டு, அதை இயந்திரம் எண்ணுகிறது. கீழே இருப்பது பட்டியலில் உள்ள பெயர்கள், அதை மனிதர்கள் எழுதுகிறார்கள். வடசென்னையில் சிக்கல் பெரும்பாலும் கீழே இருக்கிற எண்ணில்தான். அதனால் இங்கே மதிப்பிடுவது எந்தக் கட்சியையும் அல்ல, அந்தப் பட்டியலைத்தான். பேரைத் தேட, சேர்க்க, மாற்ற, நீக்க, பிறகு முடிவுகளைப் படிக்க இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதுதான் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால் தேடுதல் நன்று, சேர்த்தல் பரவாயில்லை, முகவரி மாற்றம் பொறுமை இருந்தால் நடக்கும், நீக்கல் மோசம், தரவு வெளியீடு படுமோசம்.

எந்த வடசென்னை?

முதல் குழப்பமே இதில்தான். ஊர் வழக்கில் வடசென்னை என்றால் பாரிமுனையில் தொடங்கி எண்ணூர் வரை. தேர்தல் வரைபடத்தில் வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்தான் உண்டு: திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர் (தனி), ராயபுரம். மண்ணடியும் சௌகார்பேட்டையும் துறைமுகம் தொகுதியில் இருக்கின்றன, அதனால் மத்திய சென்னைக்குப் போய்விடும். மாதவரம் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. திருவொற்றியூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது, 2018-க்குப் பிறகு வருவாய்க் கணக்கில் சென்னை மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் வாக்காளர் பட்டியல் நிர்வாகத்தில் அது திருவள்ளூர் மாவட்டக் கணக்கு. சென்னை மாவட்டத் தேர்தல் அலுவலரான மாநகராட்சி ஆணையரின் கீழ் வருவது ஆர்.கே. நகர் முதல் வேளச்சேரி வரையான 16 தொகுதிகள் மட்டும். தண்டையார்பேட்டையில் இருப்பவர் மேல்முறையீட்டுக்கு ரிப்பன் மாளிகைக்குப் போக வேண்டும். கொஞ்சம் வடக்கே தள்ளி காலடிப்பேட்டையில் இருப்பவருக்கு அது திருவள்ளூர் ஆட்சியர் வழி. இணையத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் திருவொற்றியூர்க்காரர்கள் "சென்னை" என்று போட்டால் தொகுதிப் பெயரே பட்டியலில் வராது. பேரே இல்லை என்று பதறுகிறவர்களில் பலருடைய பிரச்சினை இவ்வளவுதான்.

தேடுதல்: நன்று

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன: அடையாள அட்டை எண், சொந்த விவரம், பதிவு செய்த கைப்பேசி எண். வோட்டர் ஹெல்ப்லைன் என்று இருந்த செயலியின் வேலைகள் இப்போது ஈசிஐநெட் செயலிக்குள் வந்துவிட்டன. இந்த மூன்றில் அட்டை எண் வழிதான் நம்பகமானது. மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பத்து இட எண் அது. கையில் இருப்பது சாய்கோடு போட்ட பழைய நீள எண் என்றால் அதை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அந்த அட்டைகளுக்குப் புது எண் ஒதுக்கப்பட்டிருக்கும், அதைப் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெயர் வழித் தேடலில் தடுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. முதலாவது எழுத்துக்கூட்டு. பட்டியல் தமிழில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு இயந்திர வழியில் மாற்றப்பட்டது, சில இடங்களில் தலைகீழாக. கோட்டீஸ்வரி, கோடீஸ்வரி, கோட்டேஸ்வரி எல்லாம் மூன்று வெவ்வேறு பெண்கள் இயந்திரத்துக்கு. தெலுங்கு, உருது பேசும் வீடுகள் அதிகமான பகுதிகளில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. இரண்டாவது உறவினர் பெயர். கல்யாணத்துக்கு முன் பேர் சேர்த்த பெண்ணுக்குத் தந்தை பெயரே இன்னும் நிற்கும், தேடுகிறவர் கணவர் பெயரைப் போடுவார். உறவினர் பெயர்க் கட்டத்தை முதல் நான்கு எழுத்தோடு விட்டுவிட்டு, தொகுதியை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்துத் தேடினால் பெரும்பாலும் மாட்டும்.

கிடைத்ததும் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு எண்கள்: பாகம் எண் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியலின் எண்), வரிசை எண். அட்டை எண்ணைவிட வாக்குச்சாவடியில் வேலையைச் சுருக்குவது இவைதான். வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சித் தொண்டர்கள் இதே எண்ணைத்தான் சீட்டில் எழுதித் தருகிறார்கள். உள்ளே இருக்கிற உதவி மையத்தைவிட அவர்கள் வேகமாகக் கண்டுபிடிப்பார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பட்டியல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

பாகம் வாரியான பட்டியல் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். முதல் பக்கத்தில் பாகத்தின் விவரம், அதில் அடங்கிய தெருக்கள் "பிரிவு" என்ற பெயரில், வாக்குச்சாவடியின் முகவரி, ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று எண்ணிக்கை. அடுத்த பக்கத்திலிருந்து பெட்டிகள். குறுக்கே மூன்று, கீழே பத்து, ஆக ஒரு பக்கத்துக்கு 30 பேர். ஒவ்வொரு பெட்டியிலும் வரிசை எண், அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். படம் இருக்க வேண்டிய கட்டத்தில் படம் இருப்பதாக ஒரு வரி மட்டும்.

பெட்டியின் மேல் நீக்கப்பட்டதாக முத்திரை விழுந்திருந்தால் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'இ' என்றால் இறப்பு, 'எஸ்' என்றால் இடமாற்றம், 'ஆர்' என்றால் இரட்டைப் பதிவு, 'எம்' என்றால் ஆளைக் காணவில்லை, 'க்யூ' என்றால் தகுதியின்மை. இதைப் படிக்கத் தெரிந்தால் பேர் ஏன் போனது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர் பேருக்குப் பக்கத்தில் 'இ' நின்றால் அதன் அர்த்தம் ஒரு தெரு தள்ளி அதே பேரில் வேறொருவர் காலமாகிவிட்டார் என்பதாகவும் இருக்கலாம்.

இவ்வளவு நல்ல ஆவணத்தைக் கெடுப்பது ஒன்றுதான். கோப்பு எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கிறது. பெயரைத் தட்டினால் உள்ளே தேடாது. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் ஓட்ட வேண்டும். ஆயிரம் பேர் உள்ள பாகம் என்றால் 34 பக்கம்.

வீட்டு எண் தனிக் கதை. சென்னையில் ஒரே கதவில் பழைய எண், புதிய எண் இரண்டும் தொங்கும். பட்டியலில் சில பெட்டிகளில் பழையது, சிலவற்றில் புதியது, சிலவற்றில் சாய்கோடு போட்டு இரண்டும். ஒரே வீட்டில் இருக்கும் நால்வர் வரிசை எண் 112, 113, 540, 871 என்று சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் பிளாக் எண்ணை எழுதி வீட்டு எண்ணை விட்டுவிடுவதும், வீட்டு எண்ணை எழுதி பிளாக்கை விட்டுவிடுவதும் சகஜம். சரிபார்க்க வருபவர் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் "காணவில்லை" என்று எழுதிக்கொண்டு போக இது ஒன்றே போதும்.

சேர்த்தலும் மாற்றலும்: பரவாயில்லை

2022 ஆகஸ்ட் முதல் படிவங்கள் எளிமையாகிவிட்டன. புதிதாகச் சேர 6, நீக்க அல்லது ஆட்சேபிக்க 7, மற்ற எல்லாவற்றுக்கும் 8. வீடு மாறினாலும், எழுத்துப்பிழை திருத்தினாலும், அட்டை தொலைந்தாலும், மாற்றுத்திறனாளி என்று குறிக்க வேண்டியிருந்தாலும் 8-தான். வீடு மாறியவர்கள் செய்கிற பெரிய தப்பு திரும்பவும் 6-ஐ நிரப்புவது. அப்படிச் செய்தால் ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் பேர் வந்துவிடும். அது சட்டப்படி தவறு. படிவத்தில் பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவு ஓராண்டு வரை சிறை என்கிறது. 8-ல் பழைய அட்டை எண்ணைக் கொடுத்தால் பழைய இடத்துப் பேர் தானாகக் கழன்று புது இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

18 வயது நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும் தேதி முன்பு ஜனவரி 1 மட்டும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் நான்கும் கணக்கு. 17 முடிந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

முகவரிச் சான்றில்தான் வாடகை வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பேரில் இருக்கும், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போட அவர் சம்மதிக்கமாட்டார். சுலபமான வழி, ஆதாரில் முகவரியை முதலில் மாற்றி அதைக் காட்டுவது. அல்லது அஞ்சலக, வங்கிக் கணக்குப் புத்தகம். எந்தத் தாளும் இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்த்துச் சேர்க்கலாம் என்பதே விதி. குடும்பத்தில் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் அட்டை எண்ணைப் படிவத்தில் தவறாமல் கொடுக்க வேண்டும். கட்டாயமில்லாத கட்டம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த எண் இருந்தால்தான் புதுப் பேர் அதே பாகத்தில், அதே வீட்டோடு சேரும்.

விண்ணப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அதன்பின் அலுவலர் நியமனம், கள ஆய்வு, ஏற்பு அல்லது நிராகரிப்பு என்று படிகள் நகரும். ஆட்சேபணைக்கு ஏழு நாள் அவகாசம் விட்ட பிறகே முடிவு எடுக்கலாம் என்பதால் ஒரு வாரத்துக்குள் நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கள ஆய்வில் தேங்கி நின்றால் 1950 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துக் குறிப்பு எண்ணைச் சொல்லலாம், அல்லது இணையத்தில் அலுவலரை அழைக்கச் சொல்லி முன்பதிவு செய்யலாம். பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் முழுநேர தேர்தல் ஊழியர் அல்ல. அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மாநகராட்சி ஊழியர் என்று ஏற்கெனவே ஒரு வேலை பார்ப்பவர். பகலில் வருவார். அந்த நேரத்தில் வீட்டு ஆட்கள் துறைமுகத்திலும், காசிமேட்டிலும், மணலி ஆலைகளிலும் இருப்பார்கள். இருவரும் சந்திக்காமலே "வீடு பூட்டியிருந்தது" என்று ஒரு விண்ணப்பம் முடிந்துபோகும். பக்கத்து வீட்டில் கைப்பேசி எண்ணைச் சொல்லி வைப்பதும், சனி ஞாயிறு சிறப்பு முகாம் அறிவிக்கும்போது சாவடிக்கே போய்ப் படிவம் கொடுப்பதும் வேலைக்காகும்.

நிராகரித்துவிட்டால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் முறையிடலாம். அங்கும் ஒத்துவராவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். இந்த வழியைப் பயன்படுத்துபவர்கள் சொற்பம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடுபவர்களே அதிகம். வேட்புமனுவுக்குக் கடைசி நாளிலிருந்து பத்து நாள் முன்னால் வரை கொடுத்த விண்ணப்பங்கள்தான் அந்தத் தேர்தலுக்குக் கணக்கில் வரும், மனு நாள் முடிந்ததும் பட்டியலைத் தொடவே முடியாது.

நீக்கல்: மோசம்

சேர்க்க ஆள் வருவார்கள், நீக்க யார் வருவார்கள்? இறந்தவர் பேரை எடுக்கப் படிவம் 7-ஐ நிரப்பி இறப்புச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும் என்பது துக்க வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. குடிசைப் பகுதியிலிருந்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ மாற்றப்பட்டவர்களின் பேர் ஆண்டுக்கணக்கில் பழைய தெருவிலேயே நிற்கும். வாரியக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது வெளியே வாடகைக்குப் போனவர்கள் பேரை மாற்றமாட்டார்கள். திரும்பி வரத்தானே போகிறோம் என்பது அவர்கள் கணக்கு, அதில் நியாயமும் உண்டு.

இதன் விளைவு என்ன என்று பார்க்க ஆர்.கே. நகரே போதும். 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல் பணப்பட்டுவாடா புகாரால் ரத்தானது. டிசம்பர் 21 அன்று நடந்தபோது 77.5 சதவீதம் பதிவானது. தினகரன் பிரஷர் குக்கர் சின்னத்தில் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். காசுக்குத்தான் கூட்டம் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். காசு பேசியிருக்கலாம். ஆனால் இடையில் இன்னொன்று நடந்தது: நீதிமன்றம் வரை போன வழக்கின் பின்னணியில் 40,000-க்கும் மேற்பட்ட போலிப் பேர்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. சுமார் 2.62 லட்சமாக இருந்த பட்டியல், புதிதாகச் சேர்ந்தவர்களும் போக, 2.28 லட்சத்துக்கு இறங்கியது. விழுந்த ஓட்டு சுமார் 1.77 லட்சம். 1.77-ஐ 2.28-ஆல் வகுத்தால் 77.5. அதே 1.77-ஐப் பழைய 2.62-ஆல் வகுத்துப் பாருங்கள், 67.5. சாவடிக்கு வந்த கால்கள் அதேதான். பத்து சதவீதம் பட்டியலில் மட்டும் கிடந்தது.

2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் இதையே ஊர் முழுக்கச் செய்துகாட்டியது. மாநிலத்தில் 6.41 கோடியாக இருந்த பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியான வரைவில் 5.43 கோடியானது. சென்னையின் 16 தொகுதிகளில் 40.04 லட்சம் 25.79 லட்சமாகச் சுருங்கியது. நீக்கப்பட்டதில் பெரும்பங்கு இடம் மாறியவர்கள். 2021-ல் சென்னை மாவட்டத்தின் வாக்குப்பதிவு 59 சதவீதத்தைச் சுற்றி, அதாவது ஏறக்குறைய 24 லட்சம் ஓட்டு. உண்மையான வாக்காளர் எண்ணிக்கை 30 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அது 80 சதவீதம்!

இதைத் திருத்தத்துக்குப் போட்ட மாலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். களையோடு பயிரும் வெட்டுப்படுகிற முறை அது. வரைவில் பேர் போன நிஜ வாக்காளர்கள் திரும்பவும் படிவம் 6 நிரப்பிச் சேர வேண்டியிருந்தது. 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் தன் பேரையோ பெற்றோர் பேரையோ காட்டச் சொன்னதுதான் வடசென்னையில் பெரிய முட்டுக்கட்டை. காரணம், 2008 மறுவரையறைக்கு முன் கொளத்தூர் என்று ஒரு தொகுதியே கிடையாது, திரு.வி.க. நகரும் கிடையாது. பெரம்பூர் அப்போது தனித் தொகுதி. அந்தக் காலத்துப் பேரைப் புரசைவாக்கம், வில்லிவாக்கம், பார்க் டவுன் என்று பழைய தொகுதிகளில் போய்த் தோண்ட வேண்டும். கொளத்தூர் என்று போட்டுத் தேடி "இல்லை" என்று பதில் வாங்கியவர்களுக்கு இதைச் சொல்ல அந்தத் தளத்தில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

வாக்குப்பதிவு நாள்

சாவடி ஏற்பாட்டில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. சாய்தளம், தண்ணீர், நிழல் ஓரளவு இருக்கும். மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுப்பார்கள், டோக்கன் வாங்கியவர் எத்தனை மணி ஆனாலும் ஓட்டுப் போடலாம். 2024-ல் 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

தடுமாற்றம் அடையாளச் சான்றில். தேர்தல் துறை தரும் வாக்காளர் தகவல் சீட்டு 2019-லிருந்து தனிச் சான்றாகச் செல்லாது. ரேஷன் ஸ்மார்ட் கார்டும் செல்லாது. இதை எடுத்துக்கொண்டு வந்து திரும்பிப் போகிற பாட்டிமார்களை எந்தச் சாவடியிலும் பார்க்கலாம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட், படம் உள்ள ஓய்வூதிய ஆவணம் போன்றவை செல்லும். பேர் 'இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர்' தனிப் பட்டியலில் இருந்தாலும் ஆளே நேரில் வந்து சான்று காட்டினால் ஓட்டு மறுக்க முடியாது. உறுதிமொழியும் கைரேகையும் வாங்கிக்கொண்டு விடுவார்கள். நம் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் சண்டை போடாமல் 49பி (49P) விதியின் கீழ் "டெண்டர் ஓட்டு" கேட்க வேண்டும், வாக்குச்சீட்டில் தருவார்கள். கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டு வருவது உத்தமம்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள், கூலிவேலைக்காரர்கள் நிறைந்த பகுதி என்பதால் இன்னொன்று முக்கியம். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி (135B) பிரிவு சொல்கிறது, தினக்கூலிக்கும் அது பொருந்தும். கேட்டால்தான் கிடைக்கும்.

கட்சிச் சாய்வை அளப்பது: படிவம் 20

"வடசென்னை திமுக கோட்டை" என்பது பாதி உண்மை. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் தொடங்கிய கட்சிக்கு இது தாய்வீடு, மில் தொழிலாளர் சங்கங்களின் ஊர் வேறு. ஆனால் எண்ணிப் பார்த்தால் கோட்டைக் கதவு அடிக்கடி திறந்திருக்கிறது. மேலே சொன்ன ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் 2011-ல் திமுக ஜெயித்தது ஒன்றே ஒன்று. அதுவும் கொளத்தூரில் ஸ்டாலினின் வித்தியாசம் மூவாயிரத்துக்கும் குறைவு. பெரம்பூர் அன்று மார்க்சிஸ்ட் கட்சியின் சவுந்தரராசனுக்குப் போனது. 2016-ல் மூன்றுக்கு மூன்று. 2021-ல் ஆறும் திமுக, 1991-லிருந்து ஐந்து முறை ராயபுரத்தை வைத்திருந்த ஜெயக்குமாரும் தோற்றார். மக்களவையில் 2014-ல் அதிமுகவின் வெங்கடேஷ் பாபு லட்சத்தை ஒட்டிய வித்தியாசத்தில் ஜெயித்த அதே தொகுதியில் 2019-ல் திமுகவின் கலாநிதி வீராசாமி 4.61 லட்சம் வித்தியாசத்தில் வந்தார், 2024-ல் 3.39 லட்சத்தில். ஐந்தாண்டில் இப்படி ஊசலாடுகிற இடத்தைக் கோட்டை என்பதைவிடக் கூட்டணிக் கணக்கின் தராசு என்பதே பொருத்தம்.

தெரு அளவில் பார்க்க ஒரே ஆவணம், எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று காட்டும் படிவம் 20. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கும். இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண், அடுத்து ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பத்தி, பிறகு செல்லும் ஓட்டு மொத்தம், நிராகரிக்கப்பட்டது, நோட்டா, கூட்டுத்தொகை, டெண்டர் ஓட்டு. ஒவ்வொரு சாவடியின் வாக்காளர் எண்ணிக்கை மட்டும் இதில் இருக்காது! அதனால் சாவடி வாரியான வாக்குப்பதிவு சதவீதம் வேண்டுமென்றால் நாமே போட வேண்டும். படிவம் 20-ன் கூட்டுத்தொகையை எடுத்து, அந்தத் தேர்தலுக்கான இறுதித் துணைப்பட்டியலில் அந்தப் பாகத்தின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஜனவரியில் வந்த பட்டியலின் முதல் பக்க எண்ணை எடுத்தால் தப்பாகும், இடையில் சேர்ந்ததும் நீங்கியதும் விட்டுப்போகும்.

சறுக்குகிற இடங்கள் இன்னும் உண்டு. தபால் ஓட்டு எந்தச் சாவடியிலும் சேராது, கீழே தனி வரியாக நிற்கும். பெரிய பாகங்களைப் பிரித்த துணைச் சாவடிகள் 'ஏ' என்ற பின்னொட்டோடு வரும், அவற்றைத் தாய்ச் சாவடியோடு கூட்டாமல் விட்டால் ஒரு தெருவே பாதி ஆளில்லாமல் தெரியும். முக்கியமாக, சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஒரு சாவடிக்கு 1,500 பேர் என்ற வரம்பு 1,200-ஆகக் குறைக்கப்பட்டதோடு எண்கள் மொத்தமும் நகர்ந்துவிட்டன. ஒரு தேர்தலின் 45-ஐ அடுத்த தேர்தலின் 45-ஓடு ஒப்பிட்டு "இந்த ஏரியா கட்சி மாறிவிட்டது" என்று வரைபடம் போடுகிறவர்கள் வேறு வேறு தெருக்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பட்டியலின் முதல் பக்கத்தில் உள்ள பிரிவுகளை, அதாவது தெருப் பெயர்களை வைத்துத்தான் பொருத்த வேண்டும். ஒரு பாகத்தில் நான்கைந்து தெரு இருக்கும். மீனவர் குப்பமும் அடுத்த தெருக் கடைக்காரர்களும் ஒரே இயந்திரத்தில் ஓட்டுப் போட்டிருப்பார்கள். அதைப் பிரிக்க வழியே இல்லை.

வாக்குப்பதிவு அன்றிரவு வரும் சதவீதத்தை நம்பிப் பேசவே வேண்டாம். 2024-ல் ஏப்ரல் 19 இரவு மாநிலத்துக்கு 72.09 என்றார்கள், மறுநாள் 69.46 ஆனது. சென்னைத் தொகுதிகளில் சரிவு இன்னும் பெரிது. சில சாவடிகளிலிருந்து செயலியில் வந்த தகவலை வைத்துக் கணித்ததால் வந்த வேறுபாடு அது. கணக்கு வேண்டுமென்றால் வாக்குப்பதிவு முடிந்ததும் முகவர்களுக்குத் தரப்படும் படிவம் 17சி-யின் எண்தான் எண். அதையும் படிவம் 20-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலையைக் கட்சிகளின் பூத் முகவர்கள் சிலர் நோட்டுப் புத்தகத்தில் செய்கிறார்கள். பொதுமக்களுக்கு மட்டும் ஸ்கேன் செய்த, சில பக்கங்கள் சாய்ந்தும் மங்கியும் கிடக்கிற படிவம் 20. ஒரு தொகுதியை விரிதாளில் ஏற்ற, ஒருவர் வாசிக்க ஒருவர் தட்ட, இரண்டு பேருக்கு முழு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். ஏற்றி முடித்ததும் கடைசி வரியின் கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தாவிட்டால் தப்பு பெரும்பாலும் மங்கிய 3-ஐ 8 என்று படித்த இடத்தில் இருக்கும்.